முதல் வாய்ச் சோறு

வடிவம்மையின் மடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு முடிப்பவர் ஏகாம்பரம்தான். பக்கத்து இலைக்காரர் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே இவர் மோரையும் கேட்டு வாங்கி முடித்து, இலையை மடித்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பாயசத்தோடு வருகிறவர்கள் அவருடைய மடித்த இலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோவார்கள். அவருக்குப் பாயசம் பிடிக்காது என்றே சமையல்கட்டில் பேச்சு.

மடம் செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகிற வழியில் ஓர் ஏரிக்கரையில் இருந்தது. பெரிய மடம் என்று சொல்லிவிட முடியாது. ஓர் ஓட்டுக் கூடம், ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். தன் குருவுக்குப் பிறகு வடிவம்மை அதை நடத்திவந்தார். ஏகாம்பரத்துக்குத் தங்கை வயதுதான் அவருக்கு. ஆனாலும் ஏகாம்பரம் அவரை அம்மா என்றே கூப்பிட்டார், காலில் விழுந்து எழுந்தார். ஆபீசில் யாருக்கும் தலைகூட வணங்காதவர் அவர்.

ஆபீஸ் சென்னையில், எழும்பூர்ப் பக்கம். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு செங்கல்பட்டில். விடிகிற நேரத்தில் ரயில் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவரும் மனைவி கோமளாவும் மட்டும். கோமளா இந்த வருஷம் ரொம்பவே மெலிந்து போயிருந்தாள். வயதாகிறதல்லவா என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் நினைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிறு பந்தி முடிந்த பிறகு அவர் வடிவம்மை முன்னால் போய் உட்கார்ந்தார்.

“அம்மா, ஒரு வருஷமா வர்றேன். மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. கண்ணை மூடினா ஆபீஸ் வருது, இல்லன்னா ரயில் வருது. என்ன பண்றது?”

“இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“இட்லி.” கொஞ்சம் யோசித்தார். “இல்லம்மா, உப்புமா.”

“எது?”

“ஏதோ ஒண்ணு சாப்பிட்டேன். ஞாபகம் இல்ல.”

“அடுத்த வாரம் தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

ஏகாம்பரம் எதிர்பார்த்தது ஒரு மந்திரம். பஸ்ஸில் திரும்பும்போது அவருக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. காலை டிபனைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. ஆனாலும் குரு சொன்னதைத் தட்டக்கூடாது என்று அந்த வாரம் முழுக்க டப்பாவைத் திறக்கும்போது உள்ளே பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வந்து ஒப்பித்தார்.

“திங்கக்கிழமை கிச்சடி. செவ்வாய் புளியோதரை. புதன் சப்பாத்தி, உருளைக்கிழங்கு.”

“புளியோதரை எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சும்மா.”

“கிச்சடி?”

“அதுவும் நல்லா இருந்துச்சு.”

“வீட்டம்மா கேட்டா என்ன சொல்வீங்க?”

“தினம் கேட்பா. நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்வேன். சாப்பாட்டுல குறை சொல்ற ஆள் இல்லம்மா நான். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு நாள் தட்டைத் தள்ளினது கிடையாது.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. வடிவம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வாரம் வரும்போது எனக்கு ஒரு டப்பா கொண்டு வாங்க. நீங்க ரயிலுக்கு எடுத்துட்டுப் போறீங்களே, அதே மாதிரி.”

அம்மாவுக்கு நம் வீட்டுச் சாப்பாடு என்றதும் கோமளாவுக்குக் கை கால் ஓடவில்லை. எலுமிச்சை சாதம் செய்வதா, கதம்ப சாதம் செய்வதா என்று மூன்று நாள் யோசித்தாள். கடைசியில் கதம்ப சாதம் என்று முடிவு செய்து, குளித்துவிட்டு அடுப்பு பற்ற வைத்தாள். அவள் சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். சாமி படத்துக்கு வைத்த பிறகுதான் மனிதர் வாய் என்பது அவள் அம்மா வீட்டுப் பழக்கம். குழம்பு கொதிக்கிற வாசனையிலேயே உப்பும் புளியும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பேர். சாமிக்கு வைத்தபின் முதல் வாய் புருஷனுக்கு. கல்யாணமான புதிதில் ஏகாம்பரம் உள்ளூரிலேயே வேலை பார்த்தார். உட்கார்ந்து முதல் வாய் போட்டுவிட்டு, உப்பு ஒரு கல் தூக்கல் என்பார், புளி பத்தலை என்பார். அவளும் திருத்திக்கொள்வாள். மெட்ராஸ் ஆபீசுக்கு மாற்றல் ஆனதிலிருந்து அந்த முதல் வாய் ரயிலேறிப் போய்விட்டது.

வடிவம்மை கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். பிறகு மறு வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நிதானமாக, பேசாமல், டப்பாவின் அடியில் ஒரு பிடி மிச்சம் இருக்கும்வரை சாப்பிட்டார்.

ஏகாம்பரத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“அம்மா ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்கன்னு கோமளாகிட்ட சொல்லட்டுமா? சந்தோஷப்படுவா.”

“சொல்லாதீங்க.”

“ஏம்மா?”

வடிவம்மை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதை நீங்க சாப்பிடுங்க. ஊறுகாய் கேக்காதீங்க. ஃபோனை அந்தப் பக்கம் வைங்க.”

ஏகாம்பரம் அந்த ஒரு பிடியை வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். அப்புறம் மெல்வதை நிறுத்தினார். உப்பு என்பது பேருக்குக்கூட இல்லை. புளி மட்டும் நாக்கைப் பிடுங்கியது. பருப்பு அடிப்பிடித்த வாடை வேறு.

“இன்னைக்கு அவசரத்துல உப்பு போட மறந்துட்டா போல இருக்கும்மா.” அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. “உங்களுக்குப் போய் இப்படி... நீங்க ஏம்மா சாப்பிட்டீங்க?”

“எனக்குன்னு செஞ்சு கொடுத்தாங்க. சாப்பிட்டேன்.”

“நான் போய்ச் சொல்றேன் அவகிட்ட.”

“அவசரப்படாதீங்க. நாளைக்கு ரயில்லயும் இதே மாதிரி ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க.”

ரயிலில் அவர்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. செங்கல்பட்டில் ஏறி ஜன்னலோரம் பிடித்ததும் டப்பாக்கள் திறந்துவிடும். கூடுவாஞ்சேரி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் கூட்டம் ஏறினால் கையை வாய்க்குக் கொண்டுபோக இடம் இருக்காது. யார் டப்பாவும் யாருக்கும் தனி இல்லை. மூடியில் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் தாவூத் கொண்டுவருகிற ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உள்ளே தள்ளுவார்கள். ஏகாம்பரம் இடது கையில் ஃபோனைப் பிடித்து, ராத்திரி வந்த ஆபீஸ் மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே சாப்பிடுவார். மதியம் கேன்டீன். திரும்பும்போது பசி வீடுவரைக்கும் பொறுக்காது என்று ஸ்டேஷன் வாசலில் இரண்டு போண்டா. வீட்டில் போய் ஊறுகாயோடு இரண்டு கவளம் மோர் சாதம், அதுவும் டிவி பார்த்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மடத்தில். இப்படித்தான் அவர் வாரம் போயிற்று. அவரைப்போல அந்தப் பெட்டியில் பாதிப்பேர்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அடுத்தவர் வீட்டுச் சமையலைக் குறை சொல்லக் கூடாது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை, ஆனால் எல்லோரும் அதைக் காப்பாற்றினார்கள்.

திங்கட்கிழமை ஏகாம்பரம் ஃபோனைப் பையில் போட்டுவிட்டுத் தன் டப்பாவைத் திறந்தார். வெண்பொங்கல். ஒரு வாய் எடுத்துப் போட்டார். உப்பில்லை. இன்னொரு வாய் போட்டார். மிளகு எக்கச்சக்கம்.

தாவூத் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பொங்கல்மேல் தூவி, விரலால் கலந்துவிட்டான். பொடி உப்பு. தினமும் செய்கிற வேலையைப் போலச் செய்தான்.

“என்ன தாவூத் இது?”

“உப்பு சார்.”

“தினமும் போடறியா?”

தாவூத் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

“ஆறேழு மாசமா போடறேன் சார். முதல்ல ஏதோ டாக்டர் உங்களை உப்பு குறைக்கச் சொல்லிட்டார்னு நினைச்சோம். அப்புறம் காரம், புளி எல்லாமே ஏறி இறங்கி வந்துச்சு. வீட்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோன்னு கேக்கணும்னு இருந்தோம். நீங்க ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாதா சார்?”

ஏகாம்பரம் தாம்பரத்தில் இறங்கினார். எதிர்ப் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டி நின்றது. ஆபீசுக்கு வரவில்லை என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு அதில் ஏறினார். அந்த நேரத்தில் அந்தத் திசையில் போகிற வண்டியில் ஆளே இல்லை. இவ்வளவு வருஷத்தில் இப்படிக் காலியாக ஒரு பெட்டி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. காலை நீட்டி உட்காரக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. கோமளா சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி, ஒரு கிண்ணத்தில். அடுப்புமேல் பொங்கல் அப்படியே இருந்தது.

“என்னங்க, உடம்பு முடியலையா? இந்த நேரத்துல வந்துட்டீங்க?”

“நீ ஏன் இதைச் சாப்பிடற? பொங்கல் இருக்கே.”

“எது தின்னா என்ன. எல்லாம் ஒண்ணுதான் எனக்கு.”

“அப்படின்னா?”

கோமளா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“மாசியில காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. வாயில மண்ணைப் போட்டாலும் தெரியாது, சர்க்கரையைப் போட்டாலும் தெரியாது. ஒரு வாய் உள்ள போக மாட்டேங்குது. உயிரோட இருக்கணுமேன்னு முழுங்கறேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே. நாக்கு செத்துப் போச்சுங்கன்னு சொன்னேன். நீங்க ஃபோனைப் பாத்துக்கிட்டே சரியாயிடும்னு சொன்னீங்க.”

அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பார். அது அவருக்கே தெரிந்தது.

“எதை வெச்சு உப்பு போடறே அப்புறம்?”

“கைக்கணக்குலதான். எவ்வளவு காலமா போடற கை. மோந்து பாக்க முடியல, வாயில வெச்சாலும் தெரியப்போறதில்ல. அதனாலதான் தினமும் உங்களைக் கேட்டேன். எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன் இல்ல? நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க. டப்பாவும் காலியா வந்துச்சு. மூக்கும் நாக்கும் போனா போகட்டும், கை தப்பலைன்னு நினைச்சுக்கிட்டேன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலா இருந்துச்சு.”

ஏகாம்பரம் பையைக் கீழே வைத்தார்.

“கோமளா, சாப்பாடு நல்லா இல்லை. இவ்வளவு நாளும் நல்லா இல்லை. உப்பே இல்லாம இருந்திருக்கு.”

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “தங்கச்சி பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு நான் வத்தக்குழம்பு வெச்சேனே,” என்றாள்.

“ஆமா.”

“நீங்க வரல, ஆபீஸ்ல ஆடிட்டுன்னு. எல்லாரும் இலையில அப்படியே ஒதுக்கிட்டாங்க. தங்கச்சி தனியா கூப்பிட்டு, அக்கா உனக்கு முடியலைன்னா சொல்லியிருக்கலாம்ல, குழம்பு வாயில வைக்க முடியலன்னு சொன்னா. என் வீட்டுக்காரர் தினம் நல்லா இருக்குன்னு சாப்பிடறார், உங்களுக்குத்தான் வசதி வந்ததும் வாய் நீண்டுடுச்சுன்னு பந்தியிலேயே சத்தம் போட்டுட்டு வந்தேன். அன்னையிலேருந்து அவளோட பேச்சு இல்ல. உங்க வார்த்தையை நம்பித்தாங்க சண்டை போட்டேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அடுப்புமேல் இருந்த பொங்கல் பாத்திரத்தை எடுத்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனாள்.

மறுநாள் இருவரும் காது மூக்கு டாக்டரிடம் போனார்கள். அவர் மருந்து எழுதினார், தினமும் நான்கைந்து வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார். வெளியே வரும்போது ஏகாம்பரத்திடம் தனியாக, “காய்ச்சல் விட்ட உடனே கூட்டிட்டு வந்திருக்கலாம். இப்ப நாளாயிடுச்சு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்,” என்றார். அதை அவர் கோமளாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

புதன்கிழமை காலையில் ஏகாம்பரம் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி, கோமளா நீட்டிய ஒரு வாயை வாங்கிக்கொண்டு, “கொஞ்சம் உப்பு வேணும்,” என்றார். அவள் முகம் தெளிந்தது. ஓடிப்போய் உப்புப் போட்டு, கிளறி, இன்னொரு வாய் கொண்டுவந்தாள். வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். கையில் ஸ்பூனோடு அவள் கேட்வரைக்கும் வந்து நின்றதை அவர் தெரு முனையில் திரும்பும்போது பார்த்தார். பார்த்தும் ரயிலுக்குத்தான் ஓடினார். சனிக்கிழமை அவள் ஸ்பூனை எடுக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அவர் கால்கள் பழக்கப்படி பஸ் ஸ்டாண்டுக்குப் போயின.

அன்று வடிவம்மையே பரிமாறிக்கொண்டு வந்தார். ஏகாம்பரத்தின் இலையில் சோறு விழுந்தது, பொரியல் விழுந்தது, சாம்பார் விழுந்தது. அவர் கை வைக்கவில்லை. பக்கத்து இலைகளில் மோர் வரும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். வடிவம்மை திரும்பி வந்து அவர் முன்னால் நின்றார்.

“சாப்பிடலையா?”

ஏகாம்பரம் எல்லாவற்றையும் சொன்னார். தாவூத் தூவிய உப்பைச் சொன்னார், தண்ணீர் ஊற்றிய சோற்றைச் சொன்னார், நின்றுபோன அக்கா தங்கை பேச்சைச் சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை கேட்டில் நின்றவளையும் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், பந்தி நடுவில், நாலு பேர் பார்க்க அழுதார்.

“பாவம் பண்ணிட்டேம்மா. நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிச் சொல்லியே அவளை ஏமாத்திட்டேன். மனசு கொதிக்குது. இதுக்கு என்னம்மா பரிகாரம்? விரதம் இருக்கச் சொன்னாலும் இருக்கேன். ஒரு மண்டலம் இருக்கச் சொன்னாலும் சரி.”

வடிவம்மை கையிலிருந்த மோர் வாளியைத் தரையில் வைத்தார்.

“வீட்டம்மா எங்கே?”

“வீட்லதாம்மா.”

“இப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க?”

“சமைச்சிட்டிருப்பா.”

வடிவம்மை குனிந்து, அவர் முன்னால் கை படாமல் இருந்த இலையை இரண்டு கையாலும் அப்படியே இழுத்து, இடம் இல்லாமல் தூண் ஓரம் நின்றிருந்த ஒரு வழிப்போக்கரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் முன்னால் நகர்த்தினார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்துக் கேட்டார்.

“அங்கே உப்பு யார் பாக்கறாங்க?”